அறிவுசார் குறைபாடு உள்ள கலைஞர்களுக்கு ஓவியக் கண்காட்சி நடத்துவது எப்படி

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் வரைந்ததை நாலு பேர் பார்க்க வைக்க வேண்டும் என்று ஒரு மையமோ பெற்றோர் குழுவோ முடிவு செய்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஒரு மண்டபம், தெர்மாகோலில் குண்டூசி குத்திய சார்ட் பேப்பர்கள், ஒரு சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வந்தவர்கள் எல்லாரும் "பாவம், எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. மாலையில் ஓவியங்கள் சுருட்டி பீரோ மேல் போய்விடும். யார் வரைந்தது எது என்பதுகூட அடுத்த வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வேறு மாதிரி செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு எந்த ஓவியருக்கும் கேலரியில் என்னென்ன செய்வார்களோ, தேர்வு, பிரேம், வெளிச்சம், பெயர், விலை, கையில் பணம், அத்தனையும் இவர்களுக்கும் குறையாமல் செய்யுங்கள். கூடுதலாக வேண்டியது, அந்த இடமும் அந்த நாளும் கலைஞருக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். அமெரிக்காவின் ஓக்லாந்தில் 1974-இல் தொடங்கிய கிரியேட்டிவ் குரோத் என்ற ஓவியக்கூடம், மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கானது, இன்றைக்கும் நடக்கிறது. அங்கே வரைந்தவர்களின் படைப்புகள் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போயிருக்கின்றன. இன்னொருவர் லண்டனில் வேலை செய்யும் நேனா காலு, ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர், அதிகம் பேசாதவர். பிரிட்டனில் பெரிதாக மதிக்கப்படும் கலை விருதான டர்னர் பரிசு 2025-இல் அவருக்குக் கிடைத்தது. ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற அமைப்பு 1999-இலிருந்து அவர் கூடவே இருக்கிறது. இந்த வருடக் கணக்கைக் கவனியுங்கள், கால் நூற்றாண்டு! வருடத்துக்கு ஒரு நாள் பெயிண்டும் பிரஷும் கொடுத்து எடுத்துவைத்தால் இது வராது.

அதனால் வேலை கண்காட்சிக்கு ஆறு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும், அதுவும் ஓவியக்கூடத்தில். வாரத்தில் குறைந்தது இரண்டு முறை, ஒரே நேரம், ஒரே மேஜை, முடிந்தால் ஒரே நாற்காலி. சார்ட் பேப்பர் வேண்டாம், சீக்கிரம் மஞ்சளடிக்கும், தண்ணீர் பட்டால் நெளியும். தடிமனான கார்ட்ரிட்ஜ் தாள், ஈரமான வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள், வாய்ப்பிருந்தால் கேன்வாஸ். ஸ்கெட்ச் பேனா பலருக்கும் ரொம்பப் பிடிக்கும், பிடுங்க வேண்டாம், ஆனால் அந்த மை வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் நிறம் நிற்கிற பிக்மென்ட் மைப் பேனாக்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைய விருப்பமில்லாதவருக்கு நூல், துணி, களிமண், கம்பி, பழைய செய்தித்தாள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஜூடித் ஸ்காட் என்பவர் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர், காது கேட்காதவர், 35 வருடம் காப்பகங்களில் கழித்தவர். 1987-இல் கிரியேட்டிவ் குரோத்துக்கு வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் வண்ணத்திலோ கோட்டிலோ அவருக்குப் பெரிய நாட்டம் இல்லை. அப்புறம் நூல் வேலை வகுப்பில் கையில் கிடைத்த பொருள்களை நூலால் சுற்றத் தொடங்கினார், 2005-இல் இறக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய படைப்புகளுக்குப் புரூக்ளின் அருங்காட்சியகம் 2014-இல் தனிக் கண்காட்சி வைத்தது. இரண்டாவது மாதமே "இவங்களுக்கு ஆர்ட் வராது" என்று யாராவது எழுதிவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

யாருடைய கை?

இது கொஞ்சம் கசப்பான விஷயம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மையங்களில் ஆசிரியரோ தன்னார்வலரோ பென்சிலில் அவுட்லைன் போட்டுக் கொடுத்து இவர்களை உள்ளே வண்ணம் நிரப்பச் சொல்வதும், முடிந்த பிறகு வெளியே போன வண்ணத்தை வெள்ளையடித்துச் சரி செய்வதும் சர்வ சாதாரணம். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்த தாள் அவருடையது இல்லை, அதை அவர் பெயரில் மாட்டக்கூடாது. பாட்டிலைத் திறந்து கொடுக்கலாம், தாளை நழுவாமல் ஒட்டிக் கொடுக்கலாம், கை நடுங்குகிறவருக்குப் பிரஷ் பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்கலாம், வண்ணங்களை நீட்டி எது வேண்டும் என்று கேட்கலாம். கோடு அவருடையதாக இருக்கட்டும். எங்கே நிறுத்துவது என்பதும் அவருடைய முடிவு. ஒரே வட்டத்தை முப்பது முறை போட்டுத் தாள் கிழிந்தால் கிழியட்டும், இன்னொரு தாள் கொடுங்கள்.

தாள் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயர், தேதி, எந்த வண்ணம், அளவு செ.மீ.யில், ஒரு எண். அதே எண்ணில் ஒரு நோட்டு, செல்போனில் ஒரு படம். அன்றன்றைக்கே எழுதுங்கள். தள்ளிப்போட்டால், தேர்வுக்கு உட்காரும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேர்வு

எல்லாருடைய ஓவியத்திலும் ஒவ்வொன்று மாட்டிவிடலாம் என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். பெற்றோர் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் ஆளுக்கு ஒன்றாக நாற்பது பேருடையதை மாட்டினால் பார்க்கிறவருக்கு எந்தக் கலைஞரும் மனதில் நிற்கமாட்டார். ஆறு பேர், ஏழு பேர் போதும், ஆளுக்கு ஐந்து ஆறு படைப்புகள். அப்போதுதான் இவர் ஏன் திரும்பத் திரும்ப மின்கம்பம் போடுகிறார், இவர் பச்சையை எப்படிக் கையாளுகிறார் என்பது தெரியும். மற்றவர்களுக்கு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று பெயர் எழுதி சுவரில் ஒட்டிவிடுங்கள், வாக்குறுதி எழுத்தில் இருந்தால் சண்டை குறையும்.

தேர்ந்தெடுக்க வெளியிலிருந்து ஒரு ஓவியரைக் கூப்பிடுங்கள், அருகில் ஓவியக் கல்லூரி இருந்தால் அங்கே ஆசிரியராக இருப்பவராகவும் இருக்கலாம். யாருக்கு என்ன குறைபாடு என்று அவரிடம் சொல்லவேண்டாம், தாள்களை மட்டும் விரித்துக் காட்டுங்கள். நாம் 'வீடு, மரம், சூரியன்' இருப்பதை எடுத்துவைப்போம், அவர் பெரும்பாலும் நாம் கிறுக்கல் என்று ஒதுக்கியதை எடுப்பார். கிரியேட்டிவ் குரோத்தின் டான் மில்லர் எழுத்துகளையும் எண்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக, படிக்கவே முடியாத அளவுக்கு எழுதிக்கொண்டே போகிறவர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது அந்தத் தாள்களைத்தான்.

கலைஞரும் அந்த மேஜையில் இருக்கவேண்டும். பேசாதவர் என்றால் இரண்டு இரண்டாக வைத்து எது என்று காட்டச் சொல்லலாம். வேறு நாளில் திரும்பக் கேளுங்கள், அதே பதில் வருகிறதா பாருங்கள். ஒருவர் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றால் அது கண்காட்சிக்கு வராது, தீர்ந்தது. விற்கலாமா, போட்டோ எடுத்து இணையத்தில் போடலாமா, பெயர் போடலாமா, இந்த மூன்றையும் தனித்தனியாக, படம் காட்டிக் கேளுங்கள். பெற்றோர் கையெழுத்து வாங்குவதால் கலைஞரைக் கேட்கிற வேலை முடிந்துவிடாது.

இடமும் சுவரும்

சென்னையில் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது, ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர்கள் சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் இருக்கிறது. ஓவியம் பார்க்கிற பழக்கமுள்ளவர்கள் வரும் இடம் எதுவானாலும் மண்டபத்தைவிட மேல், மாதக்கணக்கில் முன்பதிவு தேவைப்படும். மற்ற ஊர்களில் நூலக அரங்கு, கல்லூரிக் கூடம், காலியாக இருக்கும் பழைய வீடு எதுவும் சரி. வெள்ளைச் சுவர் வேண்டும், நேர் வெயில் விழக்கூடாது. முதலில் பார்க்கவேண்டியது கழிப்பறை, இரண்டாவது வாசல் படி. சக்கர நாற்காலிக்குக் கதவு 90 செ.மீ. அகலம் திறக்க வேண்டும், சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கிவிடுவோம் என்பது சாய்தளத்துக்கு மாற்று ஆகாது, தூக்கப்படுகிறவர் அன்றைக்கு அங்கே கலைஞராக வந்திருக்கிறார்.

பிரேமில் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம். மெல்லிய கருப்பு அல்லது மரச் சட்டம், உள்ளே மவுண்ட் போர்டு (தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி தரும் தடித்த அட்டை) கட்டாயம். கண்ணாடி நேராகத் தாளைத் தொட்டால் நம் ஊர் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். தூரம் கொண்டுபோவதாக இருந்தால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட். மாட்டும் உயரம்: ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ., சக்கர நாற்காலியில் நிறையப் பேர் வருவார்கள் என்றால் 130-135. பிரேம் 60 செ.மீ. உயரம், பின்னால் இருக்கும் கம்பியை இழுத்தால் மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 145-உடன் பாதி உயரம் 30-ஐக் கூட்டி 8-ஐக் கழித்தால் 167, அங்கே ஆணி. எல்லாப் பிரேமுக்கும் இதே கணக்கு. இடைவெளி தாராளமாக இருக்கட்டும், தோரணம் கட்டவேண்டாம், பலூன் வேண்டவே வேண்டாம்.

லேபிளில் பெயர், தலைப்பு, வருடம், ஊடகம் (எந்த வண்ணம், எதன் மேல்), அளவு, விலை. குறைபாட்டின் பெயரும் ஐக்யூ எண்ணும் அங்கே எதற்கு? தலைப்பைக் கலைஞர் சொன்னால் அவர் சொன்ன வார்த்தையிலேயே போடுங்கள், சொல்லாவிட்டால் 'தலைப்பில்லை' என்று போடுங்கள். 'மௌனத்தின் வண்ணங்கள்', 'சிறகு முளைத்த கனவு' என்றெல்லாம் நாமே சூட்டுவது அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பது. அழைப்பிதழுக்கும் இதே விதிதான். 'சிறப்புக் குழந்தைகளின் கைவண்ணம்' என்று போட்டால் நாற்பது வயதுக்காரரை அது எங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிறது! கலைஞர்களின் பெயர்களைப் பெரிதாகப் போடுங்கள், மையத்தின் பெயர் கீழே சின்னதாக இருந்தால் போதும்.

விலையும் பணமும்

அதே ஊரில், அதே அளவில், புதிதாகக் கண்காட்சி வைக்கும் ஓவியர் என்ன விலை போடுகிறாரோ அதையே போடுங்கள். 200 ரூபாய்க்குக் கொடுத்தால் வாங்குபவர் பிச்சை போட்ட திருப்தியோடு போவார், ஓவியம் பரணில் கிடக்கும். இரக்கத்தை எண்ணி ஏற்றியும் வைக்கவேண்டாம். கிரியேட்டிவ் குரோத் விற்பனையில் பாதியைக் கலைஞருக்குக் கொடுக்கிறது, பாதிக்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து. பிரேம் செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள்.

பணம் கலைஞரின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகவேண்டும். சொத்து வைத்திருக்கவும் தன் பண விவகாரங்களைத் தானே பார்த்துக்கொள்ளவும் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. வங்கி தயங்கி, காப்பாளர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி இருக்கும் உள்ளூர்க் குழு தரும் காப்பாளர் சான்றிதழை வங்கிகள் ஏற்கும். அரங்கில் க்யூஆர் கோடு மையத்தின் கணக்கில் இருந்தால், எந்த ஓவியத்துக்கு யார் எவ்வளவு அனுப்பினார் என்று அப்போதே ரசீது எழுதி ஒரு பிரதியைக் கலைஞருக்குக் கொடுங்கள்.

ஓவியம் விற்றாலும் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கிறது. தாளும் வண்ணமும் மையத்தின் காசு என்பதால் உரிமை மையத்துக்கு வந்துவிடாது. தீபாவளி சமயத்தில் ஏதாவது நிறுவனம் வந்து வாழ்த்து அட்டைக்கும் காலண்டருக்கும் இந்தப் படங்கள் வேண்டும் என்று கேட்கும், எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, எத்தனை அட்டை, எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்று குறிப்பிடுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 வருடம் என்று ஆகிவிடும்.

திறப்பு நாள்

முந்தின நாளே, ஆள் இல்லாத நேரத்தில், கலைஞர்களை அழைத்துவந்து தங்கள் சுவரைப் பார்க்கவிடுங்கள். திடீரென்று கூட்டத்துக்குள் தன் படத்தைப் பார்ப்பது சிலருக்கு அதிர்ச்சி. மினுக்கும் ட்யூப்லைட்டை மாற்றுங்கள், ஸ்பீக்கர் வேண்டாம், கைதட்டல் தாங்காதவர் இருந்தால் வருபவர்களிடம் முன்பே சொல்லி கையசைக்கச் சொல்லலாம். பின்னால் ஒரு அமைதியான அறை, ஃபேன், பாய், தண்ணீர், தெரிந்த முகம் ஒன்று. யாராவது பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் வண்டி தயாராக இருக்க வேண்டும். குத்துவிளக்கு ஏற்றுவது என்றால் கலைஞர்களே ஏற்றட்டும். பேச்சு மொத்தம் ஐந்து நிமிடம், விருந்தினர் யாராக இருந்தாலும். 'எல்லாரும் பாக்கட்டும், ஒரு படம் வரைஞ்சு காட்டும்மா' என்று யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், வேறு எந்த ஓவியரிடமும் அப்படிக் கேட்கமாட்டோம்.

அரங்கில் நிற்கும் தன்னார்வலர்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி தேவை. பார்வையாளர் "இவருக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால், "இந்தச் சிவப்பை இவர் ஏழு முறை பூசியிருக்கிறார், பக்கவாட்டில் நின்று பாருங்கள்" என்று பேச்சை ஓவியத்துக்குத் திருப்பவேண்டும். கலைஞர் பக்கத்தில் இருந்தால் கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள், பதில் வர ஒரு நிமிடம் ஆகட்டும், அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் இருக்கவேண்டும் (அம்மாக்களிடம் முந்தின நாளே பேசிவைப்பது நல்லது). ஒரே நாளில் முடிக்காமல் ஒரு வாரமாவது வையுங்கள். தினமும் காலை ஒரு மணி நேரத்தைக் கூட்டமும் சத்தமும் இல்லாத நேரமாக அறிவித்தால், கலைஞர்களைப் போலவே கூட்டம் தாங்காத பார்வையாளர்களும் குடும்பத்தோடு வருவார்கள்.

முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் கணக்கு தீர்த்துவிடுங்கள். வங்கியில் போட்டதோடு நிற்காமல், எந்தப் படம் விற்றது, எவ்வளவு வந்தது என்று அந்தப் படத்தின் போட்டோவைக் காட்டிச் சொல்லுங்கள். ரூபாய் நோட்டைத் தொட்டால்தான் புரியும் என்பவருக்குக் கொஞ்சம் எடுத்துக் கையில் கொடுத்து, அவர் விரும்பியதை அவரே வாங்கட்டும். விற்காதவற்றை பட்டர் பேப்பர் வைத்து, சுருட்டாமல், தட்டையாக, நோட்டு எண்ணோடு பெட்டியில் வையுங்கள். வாங்கியவர்களின் பெயரையும் போன் எண்ணையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வருடத்துக்கான அரங்கை அந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.