அம்மாவுக்கு எப்போது பெரிய எழுத்து?

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம், என் சிவப்புப் பேனை முதலில் தரித்து நிற்கும் இடம் ‘மை மதர்’ என்ற தொடர்தான். அதில் ‘மதர்’ அநேகமாகப் பெரிய எழுத்திலேயே தொடங்கியிருக்கும். ஏன் என்று கேட்டபோது, “அம்மாவைச் சின்ன எழுத்திலை எழுதினால் மரியாதை இல்லைத்தானே, சேர்” என்றது ஒரு பிள்ளை. பிழையின் வேர் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் மரியாதையான ‘அம்மா வந்தா’ என்பதற்கும் மரியாதை இல்லாத ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வினைமுற்றிலேயே காட்டிப் பழகிய நாம், ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் மரியாதைக் குறியாக எடுத்துக்கொள்கிறோம். உறவுச் சொல்லைப் பொறுத்தவரை அங்கே அது பெயருக்கு உரிய குறி மட்டுமே.

உறவுச் சொல் ஒருவரின் பெயர் நிற்கும் இடத்தில் நின்றால் பெரிய எழுத்து. உறவை மட்டும் சுட்டினால் சிறிய எழுத்து. ஐயம் வந்தால் அந்த இடத்தில் கமலா என்று போட்டுப் பாருங்கள். ‘ஐ ஆஸ்க்ட் மம்’ என்பது ‘ஐ ஆஸ்க்ட் கமலா’ என்று இயல்பாக மாறுவதால், ‘மம்’ பெரிய எழுத்துப் பெறும். ‘ஐ ஆஸ்க்ட் மை மம்’ என்பதோ ‘மை கமலா’ என்று இடறும். ஆகவே சிறிய எழுத்து. ‘யுவர்’, ‘ஹிஸ்’, ‘த’ ஆகியவை முன்னால் வந்தாலும் அப்படியே. ‘மதர்-இன்-லோ’ என்ற மாமிக்கும் இதே விதிதான்.

நேரே விளிக்கும்போது, ‘கம் ஹியர், கிரான்ட்மா’ என்பதில் போல, பெரிய எழுத்து வரும். ஆயினும் நம் ‘ராசா’, ‘குஞ்சு’ போன்ற செல்லச் சொற்களான ‘டியர்’, ‘டார்லிங்’ விளியாக வந்தாலும் வாக்கியத்தின் நடுவே சிறிய எழுத்திலேயே நிற்கும்.

பெயரோடு சேரும் இடத்தில்தான் நம்மவர் மிகவும் தடுமாறுகிறார்கள். நாம் ‘ரவி மாமா’ என்போம். ஆங்கிலம் ‘அங்கிள் ரவி’ என்று உறவை முன்னே வைக்கும். அந்த ‘அங்கிள்’ பெயரின் ஒரு பகுதியாகிவிடுவதால் பெரிய எழுத்து. ‘மை அங்கிள், ரவி’ என்று எழுதினால் அதே சொல் உறவுமுறையைச் சொல்லும் பொதுச்சொல்லாகிச் சிறுத்துவிடும். கனடாவிலுள்ள பேரப்பிள்ளைகள் ‘அம்மம்மா’வை ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் இந்த வேறுபாட்டைப் பேணலாம்.

இவ்வளவையும் விளக்கிய மறு கிழமை, அதே பிள்ளை கட்டுரை முழுவதும் ‘மதர்’ என்பதைச் சிறிய எழுத்தில் எழுதி வந்திருந்தது; வாக்கியத்தின் முதற்சொல்லாக வந்ததையும்கூட.