ஆடி மாசத்தில் தஞ்சாவூர் போகிறீர்களா? ஒரு நாளைப் புது ஆற்றங்கரைக்கு ஒதுக்குங்கள்

கனடா, ஐரோப்பாவிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறார்கள். கத்திரி வெயில் அதற்குள் முடிந்திருக்கும், ஆனால் தஞ்சாவூரில் மதியம் ஒரு மணிக்குத் தெருவில் நின்று பார்த்தால் அப்படி ஒன்றும் முடிந்த மாதிரி தெரியாது. ஒரே ஆறுதல், அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் தண்ணீர் ஓடும். ஏப்ரல், மேயில் வந்தவர்கள் காய்ந்து கிடக்கும் கால்வாயைப் பார்த்துவிட்டு "இதையா சொன்னீர்கள்" என்று கேட்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

நான் சொல்வது பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடும் கல்லணைக் கால்வாயை. ஊரில் அதற்குப் பெயர் புது ஆறு. ஆட்டோக்காரரிடம் "புது ஆத்துப் பாலம்" என்றோ இர்வின் பாலம் என்றோ சொன்னால் போதும். ரயிலில் வந்து இறங்கினால் காந்திஜி சாலையில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாலே அந்தப் பாலம் வந்துவிடும். திருச்சி விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், திருச்சி பஸ் புதிய பஸ் ஸ்டாண்டில்தான் விடும், அது ஊருக்கு வெளியே. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டும்.

காவிரி டெல்டாவில் இது வயதில் சின்னது. மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு வெட்டி, 1934 வாக்கில் முடித்தது. கல்லணையில் பிரிந்து தஞ்சாவூர் வழியாக ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்கு முன்னால் அந்தப் பக்கமெல்லாம் மழையையும் ஏரியையும் நம்பிய மேட்டு நிலம். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்குப் பூர்வீகம் இந்தப் பக்கம்தான், உங்கள் தாத்தா ஊரும் இதன் கரையில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் எப்போது வரும் என்பதுதான் முக்கியமான விஷயம். வழக்கப்படி மேட்டூரை ஜூன் 12-ம் தேதி திறப்பார்கள், தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்து அங்கே மதகு திறக்க மேலும் மூன்று நான்கு நாள் ஆகும். எல்லா வருஷமும் இப்படியே நடக்காது. 2022-ல் மே 24-ம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து, சில நாள் விட்டுச் சில நாள் நிறுத்துவார்கள், நீங்கள் போகிற அன்று கால்வாயில் கணுக்கால் அளவுதான் இருக்கலாம். அதனால் டிக்கெட் போட்டாயிற்று என்று சும்மா இருக்காமல் கிளம்புகிற வாரம் செய்தியைப் பாருங்கள், இல்லை தஞ்சாவூரில் தெரிந்தவர் யாருக்காவது போன் போடுங்கள்.

சரி, நாளை எப்படிப் பிரிப்பது? வெயிலை வைத்துத்தான். கோயில் ஆறு மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயிலை ஆளில்லாமல் பார்க்கலாம், அதைவிடப் பெரிய லாபம் கருங்கல் தரை அப்போது ஜில்லென்று இருக்கும். பதினோரு மணிக்கு மேல் அதே தரையில் வெறுங்காலோடு ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எட்டு மணிக்கு வெளியே வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். அந்த நேரத்தில் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. யாராவது துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு முங்கி எழுவார், தண்ணீர் செம்மண் கலந்த நிறத்தில் வேகமாகப் போகும். ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். பதினொன்றிலிருந்து நாலு வரை அரண்மனைக்குள் போய்விடுவது நல்லது, அங்கே கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு மட்டுமே பாதி மதியம் போய்விடும். அப்புறம் ஐந்து மணிக்கு மறுபடி கரை.

இறங்கிக் குளிக்கிற ஆசை வரும், பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும். இதில் மட்டும் நான் கறார். புது ஆற்றில் இழுப்பு அதிகம், வெளியே பார்த்தால் தெரியாது. பல இடங்களில் கரையைச் சரிவாக கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். பாசி பிடித்த சரிவில் கால் வைத்தால் வழுக்கும், விழுந்தவர் பிடித்து ஏற ஒன்றும் கிடைக்காது. நீச்சல் குளத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளையாக இருந்தாலும் படித்துறையை விட்டு வேறு இடத்தில் இறக்காதீர்கள், படித்துறையிலும் மூன்றாவது படிக்குக் கீழே வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள். நீச்சலுடையெல்லாம் இங்கே சரிப்படாது, பழைய சுடிதாரோ வேட்டியோ துண்டோ போதும். குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஆடி 18-ஐ, அதாவது ஆடிப்பெருக்கைப் பிடியுங்கள், ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வரும். அன்று காலையில் படித்துறையில் நிற்க இடமிருக்காது. வாழை இலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, பேரிக்காய், விளாம்பழம், ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசி என்று படைப்பார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் கல்யாண மாலையைக் கொண்டுவந்து தண்ணீரில் விடுவார்கள். பெண்கள் ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள், பக்கத்தில் தெரியாதவர்கள் நின்றால் அவர்களுக்கும் ஒரு கயிறு நீளும். "நாங்க வெளியூருங்க" என்று ஒதுங்காதீர்கள், வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஆண்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். கையில் காப்பரிசி வைத்தால் அங்கேயே சாப்பிடுங்கள், பல்லுக்கு நறநறவென்று இருக்கும், ருசி பழகிவிடும். நீங்களும் வெறுங்கையோடு போகாமல் புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் பக்கத்து இலையோடு மாற்றிக்கொள்ளலாம். பூ, பழம், டீ எல்லாவற்றுக்கும் பத்து, இருபது ரூபாய்த் தாள் வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு கார்டைக் கரையோரக் கடையில் நீட்டிப் பயனில்லை.

கூட்டம் ஒத்துவராது என்றால் வேறொரு நாளில் திருவையாறு போங்கள், 13 கிலோமீட்டர்தான், மாலையில் போய்வரலாம். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும், பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆடி 18 அன்று மட்டும் போகாதீர்கள், அங்கே காவிரிக்கரைப் புஷ்யமண்டபப் படித்துறையில் தஞ்சாவூரைவிடக் கூட்டம். திருவையாற்றில் அசோகா அல்வாவைச் சூடாக, இலையில் வாங்கிச் சாப்பிடுங்கள். பார்சல் வாங்கினால் ஆறிப்போய் நெய் உறைந்துவிடும்.