பழைய பத்மினியைப் புகை டெஸ்ட்டில் பாஸ் ஆக்குவது எப்படி?

எங்கள் வீட்டு 1986 மாடல் பிரீமியர் பத்மினிக்கு டிங்கரிங், பெயின்ட், என்ஜின் வேலை எல்லாம் முடித்துப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், மிஷின் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 5.4 சதவீதம் என்று காட்டியது. பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3 சதவீதம்தான். ஹைட்ரோகார்பன் (எச்.சி.) 1500 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சத்தில் 1500 பங்கு வரை போகலாம். இரண்டையும் ஐடிலிங்கில்தான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போதுதான் அளக்கிறார்கள்.

டெஸ்ட் ரிசல்ட் சீட்டில் இருக்கும் இந்த இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சி.ஓ. ஏறினால் காற்று போதவில்லை, பெட்ரோல் அதிகம். எச்.சி. ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது: பெரும்பாலும் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பற்றாமல் விட்டுவிட்டு ஓடுவது), சில சமயம் காற்றுக் கசிவு.

எல்லோரும் முதலில் கை வைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் ஸ்க்ரூவில். அதுதான் தப்பு. அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் என்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்மானம். அதை எந்த ட்யூனிங்கும் சரிசெய்யாது. அப்புறம் பாயிண்ட் கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டின் இடைவெளி), டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), டேப்பட் (வால்வு இடைவெளி). இந்த மூன்றையும் கருவி வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கைத் தேடுங்கள், காதால் கேட்டே வைப்பவரை அல்ல.

அடுத்தது சோக், அதாவது குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் அமைப்பு. எங்கள் காரில் குற்றவாளி இதுதான். புதுக் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். டாஷ்போர்டில் குமிழ் முழுதாக உள்ளே போயிருந்தும், கார்பரேட்டர் பக்கத்து லீவர் ஒரு நூல் அளவு திரும்பாமல் நின்றது. பானெட்டைத் திறந்து கண்ணால் பார்க்காமல் இதை நம்பாதீர்கள்.

பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் பாருங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.

இனி ஸ்க்ரூ. என்ஜின் நன்றாகச் சூடாகட்டும், அதாவது இருபது நிமிடமாவது ஓடியிருக்க வேண்டும். சோலெக்ஸ் கார்பரேட்டரின் அடியில் இருக்கும் மிக்ஸ்சர் (கலவை) ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். (பைக் ஓட்டிகளே, பல பைக்குகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, அது நேர் எதிர்.) கால் சுற்று கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். என்ஜின் குலுங்க ஆரம்பித்ததும், குலுக்கல் நிற்கும் வரை மட்டும் வெளியே எடுங்கள். ஐடிலிங் ஏறியிருந்தால் ஸ்பீடு ஸ்க்ரூவில் இறக்கி, மறுபடி ஒருமுறை இதையே செய்யுங்கள். ஸ்க்ரூவை இறுக்கி முறுக்காதீர்கள். ஊசி நுனியில் வளையமாகத் தழும்பு விழுந்தால் அப்புறம் ஐடிலிங் ஒருநாளும் சீராக நிற்காது.

சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு இருந்தால் அடைத்துவிடுங்கள். டெஸ்ட் குழாயை 30 செ.மீ.யாவது உள்ளே விட வேண்டும். இடையில் வெளிக்காற்று கலந்தால் எண்ணே தப்பாக வரும்.

டெஸ்ட்டுக்கு நேராக ஓட்டிக்கொண்டே போங்கள், வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைக்க வேண்டாம். எங்களுக்கு இரண்டாம் முறை சி.ஓ. 2.1, எச்.சி. 640. சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான், அதனால் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நிற்கிறது என்று டெஸ்ட் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.