ஆரெயாவின் முதல் ஆல்பத்தைப் பாதியில் நிறுத்தாமல் கேட்பது எப்படி

இத்தாலிய ராக் குழுவான ஆரெயாவின் இந்த முதல் ஆல்பத்தை நான் முதல் தடவை போட்டபோது ஆறு நிமிடம் தாங்கினேன். முதல் பாட்டு பிடித்துத்தான் இருந்தது, ஆனால் இரண்டாவது தொடங்கியதும் யாரோ சமையலறைப் பரணிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளுவது மாதிரி இருந்தது, நிறுத்திவிட்டேன். அப்புறம் சில மாதம் கழித்து வேறு வரிசையில் கேட்டுப் பார்த்தேன், பூட்டு திறந்துகொண்டது. தவறு ஆல்பத்தில் இல்லை, உள்ளே போன வாசலில்தான் என்று அப்போது புரிந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜாஸ் தெரிய வேண்டாம், இத்தாலிய மொழியும் வேண்டாம்.

தேவையானவை: காதை மூடும் ஹெட்போன், தட்டுவதற்கு ஒரு மேசை, ஒரு வாரத்தில் நாலைந்து மாலைகள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரும் பேஸ் கிளாரினெட்டும் அதில் காணாமல் போய்விடும், மிஞ்சுவது கீச்சொலி மட்டும்தான்.

முதல் படி: பெயரைப் பார்த்து மிரளாதீர்கள்

ஆல்பத்தின் பெயர் 'ஆர்பைட் மாக்ட் ஃப்ரை'. ஆமாம், ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிலில் இருந்த அதே வாசகம்தான், 'உழைப்பு விடுதலை தரும்'. வெளிவந்தது 1973இல், மிலானில், கிராம்ப்ஸ் என்ற சின்ன நிறுவனத்திலிருந்து. இத்தாலியத் தொழிற்சாலைகளில் 1969இல் வெடித்த பெரும் வேலைநிறுத்தங்களின் சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. 'உழை, எல்லாம் சரியாகும்' என்று மேலிருந்து சொல்பவர்களின் முகத்தில் அந்த வாசகத்தையே திருப்பி வீசுகிறார்கள், நாஜிகளைப் புகழும் பேச்சே இல்லை. கிராம்ப்ஸை நடத்திய ஜான்னி சாஸ்ஸி விளம்பரமும் வடிவமைப்பும் தெரிந்த ஆள், ஃப்ராங்கன்ஸ்டைன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்து இந்தப் பாடல் வரிகளில் கைவைத்தவரும் அவரே. முதல் பதிப்பின் உறைக்குள் அட்டையில் வெட்டிய ஒரு கைத்துப்பாக்கி வேறு வைத்துக் கொடுத்தார்கள். இசைத்தட்டு வாங்கப் போனவன் துப்பாக்கியோடு வீடு திரும்பியிருக்கிறான். இந்தக் குறும்பும் கோபமும் ஒன்றாகக் கலந்த மனநிலை பிடிபட்டுவிட்டால் இசையில் பாதி புரிந்த மாதிரி.

இரண்டாம் படி: ஐந்தாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்

'ஸ்மிர்னேயிலிருந்து 240 கிலோமீட்டர்' என்பது அதன் பெயர். ஸ்மிர்னே என்றால் இன்றைய துருக்கியின் இஸ்மிர், 1922 வரை கிரேக்கர்கள் பெருமளவில் வாழ்ந்த துறைமுகம். இதில் பாட்டே கிடையாது, வாத்தியங்கள் மட்டும், நீளமும் ஐந்து நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், மற்றதெல்லாம் பின்னால் ஓடட்டும். வாசிப்பவர் பாட்ரிக் ஜிவாஸ். இந்த ஆல்பத்தோடு ஆரெயாவை விட்டு இன்னொரு புகழ்பெற்ற இத்தாலியக் குழுவான பி.எஃப்.எம்.முக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவை விக்தோர் பூஸ்னெல்லோவின் சாக்சபோன். ஒரே பாட்டு, மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் போதும், மீதி ஆல்பத்துக்கும் இதே வழிதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது.

மூன்றாம் படி: விரலால் எண்ணிப் பழகுங்கள்

நாம் கேட்டு வளர்ந்த ராக், பாப் பாட்டெல்லாம் பெரும்பாலும் நாலு நாலாகப் போகும். பால்கன் நாடுகளிலும் கிரீஸிலும் நாட்டுப்புற ஆட்டங்கள் பல அப்படிப் போவதில்லை, ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படையில் போகும், ஆரெயா அங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. கிரேக்கர்களின் கலமத்தியானோஸ் என்ற வட்ட ஆட்டம் ஏழில்தான், மூன்று, இரண்டு, இரண்டு. மேசையில் தட்டிப் பாருங்கள்: முதல் தட்டு பலமாக, அடுத்த இரண்டு மெதுவாக, மறுபடி ஒன்று பலம் ஒன்று மெது, மறுபடி ஒன்று பலம் ஒன்று மெது. மிருதங்கம் கேட்ட காது இருந்தால் 'தகிட தக திமி' என்று சொல்லிக்கொண்டே தட்டலாம், மிஸ்ர சாபுவேதான், அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் முன்சலுகை. ஐந்து நிமிடம் தட்டுங்கள். எட்டாவது தட்டு ஒன்று வேண்டும் என்று கை கெஞ்சும், கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைக் கற்றுக்கொண்டு போய் ஆல்பம் முழுக்க ஏழு எண்ண முடியாது, அவர்கள் ஒரே எண்ணிக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. நாலில் வராதது தப்பு இல்லை என்று உடம்புக்குத் தெரியப்படுத்தத்தான் இந்தப் பயிற்சி.

நான்காம் படி: இப்போது முதல் பாட்டு

'ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் (கறுப்பு)'. அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தக் 'கறுப்பு' சும்மா வந்ததில்லை. 1970 செப்டம்பரில் ஜோர்தான் ராணுவத்துக்கும் பாலஸ்தீனப் போராளிகளுக்கும் நடந்த சண்டையைக் கறுப்பு செப்டம்பர் என்பார்கள், அந்தப் பெயரையே வைத்துக்கொண்ட குழுதான் 1972இல் மியூனிக் ஒலிம்பிக்ஸில் இஸ்ரேலிய வீரர்களைப் பிணையாகப் பிடித்தது. மறு வருடமே இத்தாலியில் ஒரு ராக் குழு இந்தப் பெயரில் பாட்டுப் போட்டால் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் வாத்தியமே இல்லை. ஒரு பெண் அரபியில் பேசுகிறாள், அன்பும் சமாதானமும் ரத்தமும் கலந்த வார்த்தைகள். அவள் முடித்ததும் ஒரு ஆண் குரல், மெதுவாக, கோயில் மண்டபத்தில் தனியாக நின்று பாடுவது போல. இங்கே ஒலியளவைக் கூட்டாதீர்கள், நான் கூட்டி மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் குரல் இழுத்து நிற்கும் இடத்தில் மொத்தக் குழுவும் ஒரு கல்யாண ஊர்வலம் தெருமுனை திரும்பி வந்து மோதுவது போல உள்ளே பாய்கிறது. ஆடத்தக்க மெட்டு, வேகம் வேறு. நடுவில் எல்லாம் சிதறிக் கூச்சலாகிவிடும், பயப்படாமல் மெட்டை மனதுக்குள் முனகிக்கொண்டே இருங்கள், திரும்ப வரும்.

ஐந்தாம் படி: அந்தக் குரல் யாருடையது

இதைச் சொல்லாமல் நகர முடியாது. பாடுபவர் டெமெட்ரியோ ஸ்ட்ராட்டோஸ். 1945இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர், பள்ளிப் பருவத்தில் சைப்ரஸ், 1962இல் கட்டடக்கலை படிக்க மிலான். கிரேக்கத் தேவாலயப் பாட்டும் அரபிய இசையும் காதில் விழ வளர்ந்த பையன் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும். ஆரெயாவுக்கு முன்னால் ஈ ரிபெல்லி என்ற குழுவில் பாடினார், 1967இல் அவர் பாடிய ஒரு காதல் பாட்டு இத்தாலியில் பெரிய ஹிட். அந்த வழியிலேயே போயிருந்தால் சௌகரியமாக இருந்திருப்பார்.

ஆனால் தன் கைக்குழந்தை மழலையில் எழுப்பும் ஒலிகளை உன்னிப்பாகக் கவனித்தவருக்கு ஒன்று உறைத்தது: பேச்சு வரும் வரை குழந்தை ஆயிரம் ஒலி எழுப்புகிறது, பேசக் கற்றுக்கொண்டதும் அதில் பெரும்பகுதியைத் தொலைத்துவிடுகிறது. தொலைந்ததைத் தேடித்தான் அவர் பின்னால் போனார். ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்புவது வரை போய், பதுவா பல்கலைக்கழகத்தில் அந்தக் குரலை ஆராயும் அளவுக்கு வந்தது. இந்த ஆல்பத்தில் அதன் விதைதான் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, சொற்கள் தீர்ந்த இடங்கள். வரி முடிந்த பிறகும் குரல் நிற்காமல் நடுங்கி, விக்கி, சாக்சபோனோடு சண்டைக்குப் போகும். அதைப் பாட்டாகக் கேட்காமல் இன்னொரு வாத்தியமாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: மிச்சம்

இரண்டாவது பாட்டு, ஆல்பத்தின் பெயரைத் தாங்கியது, எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் சொன்ன பாத்திரச் சத்தம் இதுதான். அது ஜூலியோ கப்பியோட்ஸோவின் தாளவாத்தியம் என்று தெரிந்து கேட்டால் பொறுமை வரும், அதற்கப்புறம் குழு ஒரு தாளத்தில் உட்காரும்போது சுகமாகவும் இருக்கும். மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்துக் கேட்கலாம், பத்ரீத்சியோ ஃபரிசெல்லியின் எலெக்ட்ரிக் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நான்காவது இன்னும் முழுதாக ஒட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாவ்லோ தொஃபானியின் கிட்டாரும் வி.சி.எஸ்.3 சின்தசைசரும் எங்கே பிரிகின்றன என்று பல இடங்களில் எனக்குத் தெரியவில்லை. அந்த இயந்திரம் லண்டனில் 1969இல் வந்தது, ஒயர்களுக்குப் பதில் ஒரு பலகையில் சின்னச் சின்ன ஊசிகளைக் குத்தி ஒலியை இணைப்பார்கள், ஒரு ஊசி இடம் மாறினாலே வேறு ஒலி.

கடைசிப் பாட்டைக் கடைசியில்தான் கேட்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'செப்பலின் வீழ்த்தப்பட்டது' என்று தலைப்பு. லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவைத்தான் கிண்டல் செய்கிறார்களோ என்று கேட்கிற எல்லோருக்கும் சந்தேகம் வரும், அது நியாயமான சந்தேகம். கனமான கிட்டார் ராக்கை எடுத்து, அதன் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறார்கள். ஸ்ட்ராட்டோஸ் இதில் செய்வதை வீட்டில் யாரும் தூங்கும்போது சத்தமாகப் போட வேண்டாம்.

ஏழாம் படி: அடுத்து என்ன

இரண்டாவது ஆல்பத்துக்கு (1974) உடனே தாவிவிடாதீர்கள், இதைவிடக் கரடுமுரடானது, அதில் ஓரிடத்தில் சின்தசைசர் பல் மருத்துவரின் கருவி போலக் குடையும். நேராக 1975இல் வந்த 'கிராக்!' ஆல்பத்துக்குப் போங்கள், அதில் கூடப் பாடுகிற மாதிரியே ஒரு பாட்டு இருக்கிறது. குரலின் முழு விபரீதமும் வேண்டுமென்றால் 1976இல் ஸ்ட்ராட்டோஸ் தனியாக வெளியிட்ட 'மெத்ரொதோரா'.

அதற்குப் பிறகு அதிகம் இல்லை. 1979இல் ரத்த நோயால் நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்தார். சிகிச்சைச் செலவுக்காக மிலானின் ஆரெனா சிவிகா மைதானத்தில் ஜூன் 14க்கு ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். 13ஆம் தேதி இறந்துவிட்டார், வயது 34. கச்சேரியை ரத்து செய்யவில்லை, ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டத்துக்கு முன்னால் ஆரெயா அவர் இல்லாமல் வாசித்தது.