கையில் காசு குறையும்போது நூலக மேலாளர் செய்யக்கூடாதவை

பட்ஜெட் சுருங்கினால் பெரும்பாலும் நாம் முதலில் செய்வது எல்லாச் செலவுக் கணக்கிலும் பத்து சதவீதம் வெட்டுவது. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கணக்கும் சுலபம். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணக் கடலோரத்தில் ஒரு நகராட்சி நூலகம் என் பொறுப்பில் இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த கோடை மழையில் சிறுவர் பகுதி நடுவே ஒரு மஞ்சள் வாளி வந்து உட்கார்ந்தது. படக்கதைப் புத்தகங்கள் ஈரத்தில் ஊதி, அலமாரியிலிருந்து உருவ முடியாதபடி ஒட்டிக்கொண்டன. கூரையோர மழைநீர் வடிகாலில் அடைத்திருந்த மாவிலைகளை அள்ள ஒரு நாள் கூலி போதும். அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் வெட்டியிருந்தேன்.

பராமரிப்பு வாய் திறந்து சண்டை போடாது, அதனால் எப்போதும் அதன் தலையில்தான் கை வைக்கிறோம். சொத்து மதிப்பில் 8 சதவீதம் பழுதுபார்ப்புக்குப் போக வேண்டும் என்பது நாட்டின் நிதித்துறையான தேசியக் கருவூலம் நகராட்சிகளுக்குச் சொல்லும் அளவு. நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை.

வெட்டுமுன் யாரிடம் கேட்பது? நான் மாதக்கணக்கில் புள்ளிவிவரத் தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தேன். வாசல் காவலரிடம் கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்திருக்கும். காலையில் கதவு திறக்குமுன் நிற்பவர்கள் வேலை விண்ணப்பம் அச்செடுக்க வந்தவர்கள். மூன்று மணிக்கு மேல் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகள். இடையில் ஒரு ஆயா உதவித்தொகைக் கடிதத்தோடு வந்து, "தம்பி, இதைப் படிச்சுச் சொல்லுப்பா" என்பார். இதற்கு மேல் அலுவலக நோக்கத்தைத் தேடி ஆலோசகரைக் கூப்பிட வேண்டாம்.

புதுமை என்றால் புதுத் திட்டம், ரிப்பன் வெட்டு என்று நினைப்பது இன்னொரு தவறு. பழுது பார்க்க ஆளில்லாத நன்கொடைக் கணினிகள் எத்தனையோ தூசி படிந்து கிடக்கின்றன. நாங்கள் செய்தது ஒன்றே: அக்டோபர், நவம்பர் தேர்வுக் காலத்தில் இரண்டு நாள் காலையில் மூடிவிட்டு இரவு எட்டு வரை திறந்தோம். அதே ஆட்கள், அதே சம்பளம். தொழிற்சங்கத்தோடு பேசி முடிக்க இரண்டு மாதம் ஆனது, அது வேறு கதை.

வெட்டியதை மக்களிடம் மறைக்காதீர்கள். 1997-இல் வந்த 'பாத்தோ பெலே' என்ற அரசு சேவைக் கொள்கை, அதாவது செசோத்தோ மொழியில் 'மக்களே முதலில்', எல்லா அரசு அலுவலகச் சுவரிலும் தொங்குகிறது, பல இடங்களில் மூடிய கவுண்டருக்கு நேர் மேலே. அந்தக் கவுண்டர் ஏன் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை குறையும்.

சும்மா தலையாட்டுவதும் கூடாது. அரசியலமைப்புப்படி நூலகம் மாகாணத்தின் பொறுப்பு, செலவில் பெரும்பங்கு நகராட்சி தலையில். சமூக நூலகங்களுக்கான மானியம் 2007/08-இலிருந்து வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜூன் 30-இல் நிதியாண்டு முடிகிறதே என்று மே மாதத்தில் நாற்காலி வாங்கிக் குவிப்பவர்கள், ஜனவரியிலேயே கணக்கைப் பார்த்து, பிப்ரவரி திருத்த பட்ஜெட்டில் பணத்தைக் கூரைக்கு மாற்றக் கேட்கலாம்.

கடைசியாக, அவசரத்தில் விதியைத் தாண்டாதீர்கள். எங்கள் கூரையை இலவசமாகச் சரிசெய்து தருவதாக ஒரு கோவில் கமிட்டி முன்வந்தது. மறுநாளே ஏணி வைக்கச் சொல்ல ஆசைதான். ஆனாலும் நன்கொடையை முறைப்படி ஏற்க நிதிப் பிரிவுக்கு எழுதினோம். ஒப்புதல் வர ஏழு வாரம். அதுவரை வாளித் தண்ணீரை முறை வைத்துக் கொட்டினோம், திங்கட்கிழமை என் முறை.