சங்கீதம் 73-ஐ வாசிக்கும் முறை

துன்மார்க்கரின் முடிவைப் பாடும் எபிரெயக் கவிதைகளுள் நுழைய விரும்புவோர், வேதாகமத்தின் பாடல் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில், ஆசாப் என்ற பாடகரின் பெயரில் வழங்கும் 73ஆம் சங்கீதத்தில் தொடங்குவது நல்லது; தீயவர் செழிக்க நல்லவர் வாடுவது ஏன் என்ற கேள்வியை அது மழுப்பாமல் கேட்கிறது.

முதலில் 28 வசனங்களையும் ஒரே மூச்சில் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு முதல் 16 வசனங்களுக்குத் திரும்பி, பெருமையைக் கழுத்தணியாகவும் கொடுமையை ஆடையாகவும் அணிந்தவர்களைக் கண்டு பாடகர் பொறாமைப்படுவதையும், இருதயத்தைச் சுத்தமாகக் காத்தது வீண்தானோ என்று குமுறுவதையும் பொறுமையாக உள்வாங்குங்கள். இப்பகுதியை அவசரமாகக் கடப்பவருக்குப் பின்னால் வரும் ஆறுதலின் கனம் புரியாது என்பதே என் உறுதியான எண்ணம்.

17ஆம் வசனத்தில், அவர் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும்போது, பாட்டு திசை மாறுகிறது. இங்கே 2ஆம் வசனத்தையும் 18ஆம் வசனத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: முன்பு சறுக்கப் பார்த்தது பாடகரின் கால், இப்போது சறுக்கலான இடத்தில் நிற்பவர்களோ துன்மார்க்கர். அவர்களுடைய செழிப்பு, விழித்தவுடன் கலையும் கனவாகிறது. ஆனாலும் பாடகர் அவர்களுடைய வீழ்ச்சியில் களிக்காமல், தம் மதிகேட்டை ஒப்புக்கொண்டு, தம் வலதுகையைப் பிடித்திருக்கும் தேவனிடம் திரும்புவதைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

அடுத்து, எபிரெய அகரவரிசையில் அமைந்த 37ஆம் சங்கீதத்தையும், துன்மார்க்கர் முதிர்வயதுவரை வாழ்கிறார்களே என்று வாதாடும் வேதாகமத்தின் யோபு புத்தகத்தின் 21ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள்.