மெழுகுவர்த்தி அணைந்ததும் தண்ணீர் ஏன் ஏறுகிறது? வாயு, எரிதல், உறைதல்: தொடக்கநிலைச் சோதனைகள்

பெரும்பாலும் சமையலறை, மருந்துக்கடை, ஹார்டுவேர் கடை ஆகிய மூன்றில் கிடைப்பதை வைத்தே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள் இவை. எல்லாவற்றிலும் அளவெடுப்பதுதான் உயிர்நாடி. தீ அணைந்தது, தண்ணீர் ஏறியது என்று பார்த்ததோடு நிறுத்திவிட்டால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். பள்ளிகளில் காலங்காலமாகச் செய்துகாட்டும் மெழுகுவர்த்திச் சோதனையே அதற்குச் சான்று. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

பொதுவாகத் தேவைப்படுபவை: 4 சதவீத வினிகர், ஆப்ப சோடா, வெற்றிலைச் சுண்ணாம்பு, மெழுகுவர்த்திகள், ஐஸ், உப்பு, 100 மி.லி. அளவுருளை, இரண்டு மூன்று சோதனைக்குழாய்கள், கிராம் காட்டும் சின்னத் தராசு, ஆய்வகத் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அதன் அளவுகோல் 35 டிகிரிக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். தீ வரும் இடங்களில் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். முடியையும் துப்பட்டாவையும் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

1. வாயுவை ஊற்றித் தீயை அணைத்தல்

1. மின்விசிறியை நிறுத்துங்கள். இந்தச் சோதனை தோற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.
2. உயரம் வேறுபட்ட மூன்று மெழுகுவர்த்திகளை ஒரு தட்டில் நிறுத்திக் கொளுத்துங்கள்.
3. வாயகன்ற ஒரு லிட்டர் ஜக்கில் 5 கிராம் ஆப்ப சோடா (தலைதட்டிய ஒரு தேக்கரண்டி) போடுங்கள்.
4. அதில் 100 மி.லி. வினிகரை மூன்று நான்கு தவணையாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் நுரை பொங்கி, வாயுவையும் வெளியே தள்ளிவிடும்.
5. நுரை அடங்கியதும், திரவம் சிந்தாத அளவுக்கு ஜக்கைச் சுடர்களுக்குச் சற்று மேலே மெல்லச் சாயுங்கள்.

பெரும்பாலும் குட்டையான மெழுகுவர்த்தி முதலில் அணையும். கார்பன் டை ஆக்சைடு காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனமானது. அதனால் கீழே இறங்கித் தேங்குகிறது. பிறகு காலி ஜக்கையும் அதே போலச் சாய்த்துப் பாருங்கள், சுடர் அணையாது. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், கை அசைவில் வந்த காற்றுதான் அணைத்தது என்று யாராவது சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

எவ்வளவு வாயு வந்திருக்கும்? மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு. 84 கிராம் சோடா ஒரு மோல். ஒரு மோல் சோடாவும் ஒரு மோல் அமிலமும் சேர்ந்தால் ஒரு மோல் வாயு வரும். 30 டிகிரியில் ஒரு மோல் வாயு சுமார் 25 லிட்டர் இடம் பிடிக்கும். 5 கிராமுக்கு 5 ÷ 84 × 25, அதாவது ஒன்றரை லிட்டர். கொஞ்சம் திரவத்திலேயே கரைந்து தங்கும் என்பதால் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. பயிற்சிக்கு: வினிகரை 60 மி.லி. ஆகக் குறைத்தால்? அதில் அசெட்டிக் அமிலம் 2.4 கிராம்தான், 60 கிராம் ஒரு மோல் என்பதால் 0.04 மோல். ஒரு லிட்டர் வாயுதான் வரும், மிச்ச சோடா வினைபுரியாமல் கிடக்கும்.

பேக்கிங் பவுடரை ஆப்ப சோடா என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அதில் மாவும் உலர்ந்த அமிலமும் கலந்திருப்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது.

2. சுண்ணாம்பு நீர்

அணைத்தது கார்பன் டை ஆக்சைடுதான் என்று உறுதிசெய்ய, நிறமோ வாசனையோ சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பை ஒரு கொட்டைப்பாக்கு அளவு எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் குலுக்கி, மூடி, ஓரிரவு அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு பாட்டிலுக்கு இறுத்து இறுக மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே மேற்பரப்பில் ஏடு படியச் செய்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரிக்கும் திரவம் இது. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோடாவும் வினிகரும் போட்ட பாட்டிலின் மூடியில் துளையிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் குழாயைச் செருகி, மறுமுனையைச் சுண்ணாம்பு நீரில் மூழ்கவிடுங்கள். குழாயின் அடைப்பான் திறந்திருக்க வேண்டும். நீர் பால்போல் வெளுக்கும். குமிழிகள் தொடர்ந்து போனால் மறுபடி தெளியும்: வெள்ளையாகப் படிந்த கால்சியம் கார்பனேட், கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால், நுரையோடு வினிகர்த் துளிகள் குழாய் வழியே வந்துவிட்டன என்று கொள்ளலாம். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரவம் வேண்டாம்.

3. மெழுகுவர்த்தியும் ஏறும் தண்ணீரும்

தட்டில் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கலர் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு; அது தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது" என்று விளக்கம் சொல்வார்கள். இந்த விளக்கம் தவறு. அதை நீங்களே நிரூபிக்கலாம்.

முதலில் டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பை உற்றுப் பாருங்கள். பல தடவை குமிழிகள் வெளியேறுவது தெரியும். சூடான காற்று விரிந்து வெளியே போகிறது. அடுத்து, தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதாக இருந்தால் எரியும்போதே சீராக ஏற வேண்டும். ஆனால் பெரும்பகுதி ஏறுவது சுடர் அணைந்த பிறகு, உள்ளே காற்று குளிரும்போதுதான். கடைசியாக, அதே டம்ளரை மூன்று மெழுகுவர்த்திகளின் மேல் கவிழுங்கள். உள்ளே இருந்த ஆக்சிஜன் அளவு மாறவில்லை, ஆனாலும் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். கூடியது வெப்பம் மட்டுமே.

கணக்கும் இதையே சொல்கிறது. மெழுகின் ஒரு மூலக்கூறில் 25 கார்பனும் 52 ஹைட்ரஜனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முழுதாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். பதிலுக்கு 25 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வரும். உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும். ஆக 38 பங்கு போய் 25 பங்கு திரும்புகிறது. மேலும், ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்தை நெருங்கும்போதே சாதாரணச் சுடர் அணைந்துவிடும். 500 மி.லி. டம்ளரில் செலவானது 25 மி.லி. என்றால் திரும்பி வந்தது 16 மி.லி.க்கு மேல், நிகரக் குறைவு 9 மி.லி. கூட இல்லை. நீங்கள் அளக்கும் ஏற்றம் இதைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். அந்த மிச்சம் முழுவதும் தப்பிப்போன சூடான காற்றின் இடம்.

4. ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே அளப்பது

சூடே இல்லாமல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் வேலையைத் துருவிடம் விட்டுவிடலாம்.

1. மரத்தை மெருகேற்றப் பயன்படும் மெல்லிய ஸ்டீல் உல் 2 கிராம் வாங்குங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான கம்பிச்சுருள் வேண்டாம். பெரும்பாலும் அது துருப்பிடிக்காத எஃகு, ஒரு வாரம் வைத்தாலும் எதுவும் நடக்காது.
2. இரண்டு நிமிடம் வினிகரில் ஊறவைத்து எண்ணெய்ப் படலத்தைப் போக்குங்கள். பிறகு தண்ணீரில் நன்றாக அலசி உதறுங்கள்.
3. அளவுருளையின் அடிவரை தள்ளிப் பரப்பிவிடுங்கள். கவிழ்த்தாலும் கீழே விழக்கூடாது.
4. ஒரு கிண்ணம் தண்ணீரில் உருளையைக் கவிழ்த்து, உள்ளே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள்.
5. மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, மட்டம் மாறவில்லையென்றால் வினை முடிந்தது.
6. உள்மட்டமும் வெளிமட்டமும் சமமாகும்வரை உருளையை இறக்கிய பிறகே அளவைப் படியுங்கள்.

100 மி.லி. காற்றில் 20, 21 மி.லி. குறைந்திருக்கும். அளவுருளை இல்லையென்றால் நேரான சோதனைக்குழாயும் ஸ்கேலும் போதும்: 15 செ.மீ. காற்றில் 3 செ.மீ. ஏறும்.

விடை குறைவாக வந்தால் முதலில் இரண்டாம் படியைச் சந்தேகியுங்கள். அலசாமல் விட்ட வினிகர் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கி, காலியான இடத்தை நிரப்பிவிடும். அறை வெப்பநிலையும் முக்கியம்: 3 டிகிரி மாறினால் காற்றின் கன அளவு ஒரு சதவீதம் மாறும். அதே நேரத்தில் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

5. உறைநிலை அளத்தல்

தெர்மாகோல் பெட்டியில் 300 கிராம் நொறுக்கிய ஐஸையும் 100 கிராம் தூள் உப்பையும் கலந்து கிளறுங்கள். குல்ஃபிப் பானையில் நடப்பது இதே வேலைதான். உப்பு சேர்ந்ததும் ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் உருகுகிறது. உருகும் ஒவ்வொரு கிராமும் 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுவதால் கலவை குளிர்ந்துகொண்டே போகும். அதன் எல்லை மைனஸ் 21 டிகிரி. வீட்டில் மைனஸ் 10-க்குக் கீழே போனால் போதும். இந்தக் கலவையை வெறுங்கையால் அளையக்கூடாது, தோல் உறைந்து புண்ணாகும்.

சோதனைக்குழாயில் 10 மி.லி. வடிகட்டிய தண்ணீரும் தெர்மாமீட்டரும் வைத்து, குழாயைக் கலவையில் இறக்கி, 30 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். பூஜ்ஜியத்தில் கோடு கிடையாக ஓடும். சில நேரம் மைனஸ் 3, 4 வரை திரவமாகவே இறங்கி, திடீரென்று பூஜ்ஜியத்துக்குத் தாவும். அது மிகைக்குளிர்வு, தெர்மாமீட்டர் கெட்டுப்போகவில்லை. ஒரு சிட்டிகை ஐஸ் தூள் போட்டால் இது வராது. முழுவதும் கட்டியாகும்வரை விடாதீர்கள். நீர் உறையும்போது 9 சதவீதம் விரிவதால் குழாயோ தெர்மாமீட்டர் முனையோ உடையலாம்.

அடுத்து 100 மி.லி. தண்ணீரில் 5.8 கிராம் உப்பு கரைத்த கரைசலையும், 34 கிராம் சர்க்கரை கரைத்ததையும் தனித்தனியே இதேபோல் உறையவைத்துப் பாருங்கள். இரண்டிலும் கரைந்திருப்பது 0.1 மோல்தான். சர்க்கரைக் கரைசல் மைனஸ் 2 அருகே உறையத் தொடங்கும், உப்புக் கரைசல் மைனஸ் 3.4 அருகே. உப்பு நீரில் சோடியம், குளோரைடு என இரண்டு அயனிகளாக (மின்னூட்டம் கொண்ட துகள்களாக) பிரிவதால் விளைவும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இவற்றில் கிடைக்கோடு வராது. நீர் ஐஸாகப் பிரியப் பிரிய மிச்சக் கரைசல் அடர்த்தியாகி, உறைநிலை மேலும் இறங்கும். அதனால் முதல் ஐஸ் துகள் தெரியும் கணத்தில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உருகிய உப்புக் கலவையைச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள், வேர் கருகிவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றி, நிறையத் தண்ணீர் விடுங்கள்.